சூலூர்பேட்டைக்குப் போன இரண்டு தையல் மெஷின்கள்: ஒரு ஜிஎஸ்டி பதிவு எடுத்த கதை

பழைய வண்ணாரப்பேட்டையில் சின்னக் கடைகளுக்கு வரிக்கணக்கு எழுதித் தருவது என் பிழைப்பு. இங்கே சொல்லப்போவது கொருக்குப்பேட்டையில் இருக்கும் ஒரு அண்ணனின் கதை. பேர் வேண்டாம் என்றார், மற்றதை எல்லாம் எழுதிக்கொள்ளச் சொன்னார். பழைய சாமான் வாங்கி ஆன்லைனில் விற்கிறவர்கள் நம்ம பக்கத்தில் இப்போது தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த அண்ணன் நின்ற இடத்தில்தான் நிற்கிறார்கள். அதில் நான் செய்த தப்பும் ஒன்று உண்டு, அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அண்ணன் ஒரு எக்ஸ்போர்ட் துணி கம்பெனியில் இருபது வருஷம் லைன் மெக்கானிக். கம்பெனி மூடினதும் வீட்டு நடையிலேயே தையல் மெஷின் ரிப்பேர் ஆரம்பித்தார். ரிப்பேருக்கு வந்தவர்களில் சிலர் "நீயே எடுத்துக்கப்பா, வீட்ல இடத்த அடைக்குது" என்று மெஷினை விட்டுவிட்டுப் போனார்கள். அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றி, பெண்ணை விட்டுப் போட்டோ எடுக்கச் சொல்லி 2023-ல் ஒரு விளம்பரத் தளத்தில் போட்டார். மூன்றே நாளில் போனது. அப்புறம் அதுவே தொழிலாகிவிட்டது. மாதம் ஒன்பது பத்து மெஷின், சராசரி விலை 5,500, அதாவது வருஷத்துக்கு ஆறரை லட்சம் போலக் கைமாறும். லாபம் அதில் மூன்றில் ஒரு பங்கு வரும், அவருடைய கைக்கூலியைக் கணக்கில் எடுக்காமல்.

பிப்ரவரி 2025-ல் என்னிடம் வந்து "தம்பி, ஒரு வாட் நம்பர் எடுத்துக் குடுப்பா" என்றார். வாட் போய் எட்டு வருஷம் ஆகப்போகிறது என்றேன். தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரிச் சட்டம் 1 ஜனவரி 2007-ல் வந்தது, 1 ஜூலை 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் மற்ற சரக்கோடு தையல் மெஷினும் அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனாலும் வடசென்னையில் பாதிப் பேர் வாயில் வாட் நம்பர்தான் வருகிறது, சில கடைகளின் போர்டில் 33-ல் ஆரம்பிக்கும் பழைய டின் நம்பர் (வாட் காலத்துப் பதிவு எண்) இன்னும் மங்கலாகத் தெரிகிறது. வால்டாக்ஸ் சாலைக்கும் இதே கதைதான், கோட்டைச் சுவருக்காக வசூலிக்க நினைத்த வரியைக் கடைசிவரை வசூலிக்கவே இல்லை என்பார்கள், பேர் மட்டும் சாலையில் ஒட்டிக்கொண்டது.

சரி, அவருக்கு ஏன் நம்பர் தேவைப்பட்டது? விளம்பரத் தளத்தில் விற்கும்வரை யாரும் கேட்கவில்லை. அங்கே வாங்குகிறவரும் விற்கிறவரும் நேரில் பார்த்துத் தங்களுக்குள் பணம் கொடுத்துக்கொள்கிறார்கள், தளம் நடுவில் காசைத் தொடுவதில்லை. ஆனால் ஒரு பெரிய விற்பனைத் தளத்தில் கணக்குத் திறக்கப் போனபோது ஜிஎஸ்டி நம்பர் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கம் போகவிடவில்லை. வாடிக்கையாளர் பணத்தைத் தானே வாங்கி, பிடித்தம் போக விற்பவருக்கு அனுப்புகிற தளங்கள் ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 52-ன் கீழ் வரி பிடிக்கவேண்டியவை. அப்படிப்பட்ட தளம் வழியாக விற்றால், ஒரு ரூபாய் விற்றாலும் பதிவு கட்டாயம் என்றுதான் பிரிவு 24 ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது.

1 அக்டோபர் 2023-லிருந்து இதில் ஒரு கதவு திறந்தது. விற்பனை வரம்புக்குள் இருக்கிற, சரக்கு மட்டும் விற்கிற ஒருவர் பதிவு இல்லாமலே தளத்தில் விற்கலாம். பான் வேண்டும், ஜிஎஸ்டி போர்ட்டலில் முகவரி கொடுத்து ஒரு சேர்க்கை எண் வாங்கவேண்டும், ஒரே மாநிலத்தில் மட்டும் விற்கவேண்டும். தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவர்களுக்கு வரம்பு 1 ஏப்ரல் 2019 முதல் 40 லட்சம். அண்ணன் ஆறரை லட்சத்தில் இருக்கிறார். சேர்க்கை எண் எடுத்துக் கொடுத்தேன், ஓடிபி எல்லாம் சேர்த்து அரை மணி நேர வேலை.

அன்றைக்கு என் வாயிலிருந்து வந்த வாக்கியம்தான் பிரச்சினையின் வேர். "நாப்பது லட்சம் வரைக்கும் உங்களுக்குக் கவலையே இல்ல அண்ணே." அவர் அதை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டார். ஒரே மாநிலம் என்ற நிபந்தனையையும் சொன்னேன், ஆனால் தளத்துக்கான விதியாகச் சொன்னேன். தளத்துக்கு வெளியே விற்பதற்கும் அதே எல்லைக்கோடு உண்டு என்பதைச் சொல்லவில்லை.

செப்டம்பரில் வேறு எதற்கோ வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார், "ஜூன்ல சூலூர்பேட்டைக்கு ரெண்டு மெஷின் போச்சுப்பா, நல்ல பார்ட்டி." எனக்குச் சுருக்கென்றது.

கொருக்குப்பேட்டைக்காரர்களுக்கு சூலூர்பேட்டை வெளியூரே இல்லை. இங்கே ஸ்டேஷனில் ஏறினால் அதே புறநகர் ரயில், சுமார் 80 கிலோமீட்டர், கும்மிடிப்பூண்டி தாண்டிக் கொஞ்ச தூரம். அண்ணன் வீட்டு அண்ணிக்குத் தெலுங்கு நன்றாக வரும், அதனால் வாட்ஸாப்பில் அந்தப் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர். முதல் மெஷினைத் தலையைத் தனியாகக் கழற்றி, ஸ்டாண்டை வெண்டர் பெட்டியில் ஏற்றி இவரே கொண்டுபோய் மாட்டிக் கொடுத்துவிட்டு சாயங்காலத்துக்குள் திரும்பிவிட்டார். சட்டத்தின் கண்ணுக்கோ அது ஆந்திரா. இங்கிருந்து எழுநூறு கிலோமீட்டர் தள்ளி நாகர்கோவிலுக்கு லாரியில் நூறு மெஷின் அனுப்பினால் உள்மாநில விற்பனை, புறநகர் ரயிலில் ஒன்று போனால் வெளிமாநில விற்பனை. வரி விதிக்கப்படும் சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்பவர் எவ்வளவு சின்னவராக இருந்தாலும் பதிவு எடுக்கவேண்டும், அங்கே 40 லட்சம் வரம்பு பேசாது. சேவை செய்பவர்களுக்கும் சில கைவினைப் பொருள் விற்பவர்களுக்கும் விலக்கு உண்டு. பழைய தையல் மெஷினுக்கு இல்லை.

இரண்டாவது மெஷினை அந்த ஆள் நேரில் வந்தே எடுத்துப் போனார். "வந்து வாங்கினா இங்க வித்ததுதானே?" என்றார் அண்ணன். நியாயமான கேள்வி. 1 அக்டோபர் 2023-க்குப் பிறகு, பதிவில்லாத ஒருவர் வாங்கும்போது பில்லில் அவருடைய முகவரி எழுதியிருந்தால் அந்த முகவரி இருக்கும் மாநிலம்தான் விற்பனை நடந்த இடம், மாநிலத்தின் பேரை மட்டும் எழுதியிருந்தாலும் அப்படித்தான். முகவரி எழுதாவிட்டால் விற்பவரின் இடம். அண்ணன் ஒழுங்கானவர், பெண்ணிடம் சொல்லி பில்லில் ஊர், ஜில்லா, ஆந்திரா எல்லாம் அழகாக எழுத வைத்திருக்கிறார். ஆக இரண்டையும் வெளிமாநிலக் கணக்கிலேயே வைத்தோம்.

பதிவு எடுக்கவேண்டியவர் எடுக்காமல் இருந்தால் அபராதம் குறைந்தது 10,000. ஏய்க்கப்பட்ட வரி அதைவிட அதிகமானால் அந்தத் தொகை. இவர் இரண்டு மெஷினிலும் சேர்த்துச் சம்பாதித்ததே 4,000.

எந்தப் பாதை என்று உட்கார்ந்து யோசித்ததுதான் இந்த வழக்கில் எனக்குப் பிடித்த பகுதி. ஆந்திராவை விட்டுவிட்டு சேர்க்கை எண்ணோடு தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கலாம். சின்ன வியாபாரிகள் மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதம் மட்டும் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் பதிவு எடுக்கலாம். இல்லை, முழுப் பதிவு எடுத்து மார்ஜின் முறையில் வரி கட்டலாம். அண்ணன் 3,500-க்கு வாங்கி 5,500-க்கு விற்கும் ஒரு மெஷினை வைத்துக் கணக்குப் போட்டோம். தையல் மெஷினுக்கு வரி 12 சதவீதமாக இருந்தது, 22 செப்டம்பர் 2025-லிருந்து 5 ஆனது. முழு விலைக்கும் வரி போட்டால் 275 ரூபாய். பழைய பொருள் வியாபாரிக்கு ஜிஎஸ்டி விதி 32(5) கொடுக்கும் மார்ஜின் முறையில், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசமான 2,000-க்கு மட்டும் வரி, 100 ரூபாய். காம்போசிஷனில் விற்பனையில் 1 சதவீதம், 55 ரூபாய்தான்!

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மார்ஜின் முறை என்றதும் அதுதான் மலிவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளூரிலேயே விற்று, நல்ல லாபம் வைக்கிறவருக்குக் காம்போசிஷன்தான் மலிவு, அக்டோபர் 2023-லிருந்து மாநிலத்துக்குள் தளம் வழியாகவும் விற்கலாம். ஆனால் காம்போசிஷனிலும் வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாது. பெண்ணின் போனில் மூன்று மாத விசாரிப்புகளை எண்ணிப் பார்த்தோம், கால்வாசிக்கு மேல் சூலூர்பேட்டை, நாயுடுபேட்டை, நெல்லூர். அதை விட்டுவிட அண்ணனுக்கு மனசில்லை. எனக்கும் அது முட்டாள்தனமாகத் தோன்றியது. மெஷினுக்கு 45 ரூபாய் கூடக் கட்டிவிட்டு அந்தப் பக்கத்துச் சந்தையை வைத்துக்கொள்ளலாம் என்று முழுப் பதிவுக்குப் போனோம்.

அப்புறம்தான் வீட்டுக்காரம்மா, அதாவது வீட்டு ஓனர்.

அண்ணன் இருப்பது வாடகை வீடு. அந்த ஈபி கணக்கு வீட்டுக்காரம்மாவின் மாமனார் பேரில் இருக்கிறது, அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. வாடகை ஒப்பந்தம் ஒன்று பத்திரத் தாளில் எழுதியது, ரிஜிஸ்டர் செய்யவில்லை. இந்த ஏரியாவில் இதுதான் வழக்கம், இதைவிட மோசமாக ஒத்திக்கு வாய்வார்த்தையில் இருக்கும் வீடுகளே எத்தனையோ. வீட்டுக்காரம்மாவின் அடையாள அட்டை நகல் கேட்டதும் அவர் பயந்துவிட்டார். "இன்னாபா, என் மீட்டர கடை மீட்டர் ஆக்கிட்டானுங்கன்னா நூறு யூனிட்ட யாரு குடுப்பா?" வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அது போய்விடுமோ என்ற பயம். வீட்டு வரியும் ஏறும் என்று பக்கத்து வீட்டில் வேறு யாரோ கொளுத்திப் போட்டிருந்தார்கள். ஜிஎஸ்டி வேறு துறை, மின்சார வாரியம் வேறு என்று நான் சொன்னதெல்லாம் எடுபடவில்லை. கடைசியில் அண்ணிதான் போய் உட்கார்ந்து, நடையில் ஐந்து மெஷினுக்கு மேல் வைக்கமாட்டோம், இரவில் மோட்டார் ஓட்டமாட்டோம் என்று பேசிச் சம்மதிக்க வைத்தார்.

இறந்தவர் பேரில் இருக்கும் ஈபி பில்லை நான் இணைக்கவே இல்லை. மாநகராட்சி சொத்து வரி ரசீது வீட்டுக்காரம்மா பேரிலேயே இருந்தது, ஒப்பந்தத்தோடு அதையும் அவர் அடையாளச் சான்றையும் வைத்தேன். 17 ஏப்ரல் 2025-ல் மத்திய மறைமுக வரி வாரியம் தன் அதிகாரிகளுக்கு ஒரு அறிவுறுத்தல் அனுப்பியது. வாடகை இடமென்றால் ஒப்பந்தத்தோடு உரிமையாளருக்கான சான்று ஏதாவது ஒன்று போதும், ஒப்பந்தம் ரிஜிஸ்டர் ஆகவில்லை என்றால் உரிமையாளரின் அடையாளச் சான்றும் வேண்டும், பட்டியலில் இல்லாத காகிதங்களைக் கேட்டு இழுக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. அந்தத் தாளை நான் பையிலேயே வைத்திருக்கிறேன், எந்த அலுவலகத்துக்குப் போனாலும் பேச ஒரு பிடி கிடைக்கிறது.

ஆதாரோடு இணைந்த போன் நம்பர் செத்துப்போன பழைய நம்பர், அதை மாற்ற அலைந்ததில் சில நாள் போனது. விண்ணப்பித்து ஐந்தாம் நாள் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. உரிமையாளரோடு கடை வாசலில் நின்று போட்டோ எடுத்து அனுப்பு என்று கேட்டிருந்தார்கள். கேட்கக்கூடாத காகிதம் என்று சண்டை போட்டிருக்கலாம். வீட்டுக்காரம்மாவை வாசலில் நிறுத்துவதைவிட, மெஷின்களோடு நடையின் போட்டோவும் மரியாதையான ஒரு பதிலும் அனுப்புவது சுலபம். பதில் சொல்ல ஏழு வேலை நாள் தருகிறார்கள், மறுநாளே அனுப்பினோம். அக்டோபர் நடுவில் நம்பர் வந்துவிட்டது. அரசாங்கக் கட்டணம் பைசா கிடையாது, இதற்குக் கட்டணம் என்று யாராவது ரசீது இல்லாமல் கேட்டால் அது அவர் பாக்கெட்டுக்கு. நவம்பர் 2025-லிருந்து சிறிய விண்ணப்பதாரர்களுக்கு மூன்று வேலை நாளில் கிடைக்கும் புது வழி ஒன்றும் வந்திருக்கிறது, இவருக்கு ஒரு மாதம் பிந்திவிட்டது.

நம்பரை வாசலில் தெரியும்படி வைக்கவேண்டும் என்பது விதி. பெரிய போர்டுக்கு வீட்டுக்காரம்மா ஒத்துக்கொள்ளவில்லை, லேமினேட் செய்த ஏ4 தாள் ஒன்று நிலைப்படிக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

ஜூன் மாத விவகாரத்தை முதலில் முடித்தோம். 4,000 லாபத்துக்கு அப்போதைய 12 சதவீதம், 480 ரூபாய். 18 சதவீத வட்டி முப்பது ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல் நவம்பரில் டிஆர்சி-03 படிவத்தில் நாங்களே கட்டினோம். ஐந்நூறு சொச்ச ரூபாய்க்கு இவ்வளவு வேலையா என்று அண்ணன் சிரித்தார்.

பதிவு கிடைத்ததும் நிஜமான வேலை வாங்கும் பக்கத்தில்தான் ஆரம்பமானது. மார்ஜின் முறையின் உயிர் வாங்கிய விலையில் இருக்கிறது. மெஷினை விற்கிற வீட்டம்மா பில் தரமாட்டார், தரவும் முடியாது. அதனால் ஒரு வாங்கல் சீட்டு அடித்தோம். தேதி, விற்றவர் பேர், முகவரி, போன், அடையாள அட்டை நகல், மெஷின் தலையில் பொறித்திருக்கும் எண், கொடுத்த தொகை, கையெழுத்து. பணம் முடிந்தவரை யுபிஐ. நடு ராத்திரியில் யாராவது வந்து வாங்கிய விலையை நிரூபி என்று கேட்டால் எடுத்துப்போட இந்தச் சீட்டு வேண்டும், இல்லையென்றால் முழு விற்பனை விலைக்கும் வரி கேட்பார்கள். திருட்டுச் சாமான் பயத்துக்கும் இதுவே கவசம். டிசம்பரில் எண்ணைச் சுரண்டிய மெஷின் ஒன்று பாதி விலைக்கு வந்தது, அண்ணன் தொடவே இல்லை.

இதில் அவருக்கு வருத்தம் தந்த விஷயங்கள் இரண்டு. பெல்ட், ஷட்டில், பெயின்ட் என்று ஒரு மெஷினுக்கு 600 ரூபாய் செலவழித்தாலும் மார்ஜினில் அதைக் கழிக்க முடியாது, வாங்கிய விலை மட்டும்தான் கழியும். "என் கைக்கூலிய சர்க்கார் மதிக்காதா?" என்றார். இரண்டாவது, ஒரு மெஷினில் நஷ்டம் வந்தால் அதை இன்னொன்றின் லாபத்தில் தட்டிக்கழிக்க முடியாது, நஷ்டத்தைப் பூஜ்யமாக விட்டுவிடவேண்டும்.

மிதி மெஷினுக்கு மோட்டார் மாட்டிக் கொடுப்பது கொஞ்சம் சிக்கல். பொருளின் தன்மை மாறாத சின்ன வேலைகள் செய்து விற்கும்வரைதான் மார்ஜின் முறை. எண்ணெய், பெல்ட், பெயின்ட் எல்லாம் அதற்குள் வரும். மோட்டாரையும் அதற்குள் அடைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. புது மோட்டாரை ஜிஎஸ்டி பில்லோடு வாங்கி, வாடிக்கையாளர் பில்லில் தனி வரியாகப் போட்டு, அதற்கு முழு வரி கட்டி, வாங்கும்போது கட்டிய வரியை வரவு எடுத்துக்கொள்கிறோம்.

விற்பனைத் தளத்தில் இன்னொரு பொறி இருந்தது. தளமே தயாரிக்கும் பில் 5,500 முழுவதற்கும் 5 சதவீதம் போட்டு அடித்துவிட்டது. வாடிக்கையாளரிடம் வரி என்று வாங்கிய தொகையை அரசுக்குக் கட்டியே ஆகவேண்டும், அங்கே மார்ஜின் என்று பேச முடியாது. இரண்டு ஆர்டருக்கு அப்படிக் கட்டிவிட்டு, நாங்களே பில் போடும் வசதி கிடைக்கும்வரை அந்தத் தளத்தை நிறுத்திவைத்தோம். தளம் அரை சதவீதம் பிடிப்பதும் முழு விலையில்தான், அது நம் ரொக்கக் கணக்கில் வரவு வந்துவிடுகிறது, நஷ்டமில்லை. ஆனால் தளம் காட்டும் விற்பனை பெரிதாகவும் நம் ரிட்டர்னில் மார்ஜின் சின்னதாகவும் தெரியும், ஒருநாள் கேள்வி வரும் என்று தனிக் கோப்பு போட்டு வைத்திருக்கிறேன். விற்பனை வரம்பு கணக்கிடும்போது நான் எப்போதும் முழு விலையையே கூட்டுகிறேன், மார்ஜினை இல்லை.

இதைப் படித்துவிட்டு வீட்டுப் பழைய பீரோவை விற்கிறவர் ஓடிவர வேண்டாம். சொந்தச் சாமானை எப்போதோ ஒருமுறை விற்பது வியாபாரமே இல்லை. மூர் மார்க்கெட் பக்கம் பழைய புத்தகம் மட்டும் விற்பவர்களுக்கும் பதிவு தேவையில்லை, அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, வரி இல்லாத பொருள் மட்டுமே விற்பவர் ஆந்திராவுக்கு அனுப்பினாலும் கட்டாயப் பதிவுக்குள் வரமாட்டார். ஆனால் புத்தகத்தோடு பழைய செல்போனையும் சேர்த்துப் போட்டால் கணக்கு மாறிவிடும்.

காலாண்டு ரிட்டர்ன் முறையைத் தேர்ந்தெடுத்திருந்தோம். ஜனவரி 13-க்குள் விற்பனை விவரம், 22-க்குள் வரி ரிட்டர்ன். முதல் காலாண்டில் மார்ஜின் முறையில் போனது 27 மெஷின், அதில் ஆறு ஆந்திராவுக்கு. ஒன்று 4,000-க்கு வாங்கி 3,600-க்குப் போனது, அது பூஜ்யம். மீதி 26-ன் மார்ஜின் 51,400, வரி 2,570. உள்ளூர் விற்பனைக்கு மத்திய, மாநில வரி பாதிப்பாதி, ஆந்திராவுக்கு ஒருங்கிணைந்த வரி. ஒரு மெஷினும் விற்காத காலாண்டிலும் ரிட்டர்ன் போட்டே ஆகவேண்டும், மறந்தால் நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஓடும். நடையில் காலண்டரில் சிவப்புப் பேனாவால் அண்ணி வட்டம் போட்டிருக்கிறார்.

இப்போது நெல்லூரில் ஒரு சின்ன தையல் யூனிட்காரர் நான்கு ஜூகி கம்பெனி தையல் மெஷின் கேட்கிறார், அவருக்கு ஜிஎஸ்டி நம்பர் உண்டு. மூடப்போகும் ஒரு கம்பெனியிலிருந்து வரி பில்லோடு அந்த மெஷின்கள் கிடைக்கும். அதில் வரவு எடுத்தால் மார்ஜின் முறை கிடையாது, முழு விலைக்கும் பில் போடவேண்டும், ஆனால் நெல்லூர்க்காரர் அந்த வரியைத் தன் கணக்கில் எடுத்துக்கொள்வார், அவருக்கு அது பிடிக்கும். முழு வரி பில்லே போடலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மெஷின்களைப் பார்க்கப் போகிறோம்.